45 சதுர மீட்டர் வீட்டுக்கு விதியில் இடம் கேட்டு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
சென்னைப் பெருநகர்ப் பகுதியில் கட்டட வரைபடம் தயாரிக்கும் பொறியாளர்கள், கட்டுமான மேற்பார்வையாளர்கள், வீட்டுக்கடன் ஆவணப் பணி செய்வோர்.

பெறுநர்:
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை – 600 009.

நகல்:
உறுப்பினர் செயலர் அவர்கள், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், எழும்பூர், சென்னை – 600 008.

பொருள்: முதல் வீடு வாங்கும் குடும்பங்களுக்கான சிறிய வீடுகள் சந்தையில் அருகி வருவது – கட்டட விதிகளிலும் பதிவுக் கட்டணத்திலும் நகர வளர்ச்சிக்கான மூன்றாம் பெருந்திட்டத்திலும் மாற்றம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சென்னையில் வீட்டு விலை என்று பேச்செடுத்தாலே சதுர அடி என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை சதுர அடி வாங்கியாக வேண்டும் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. முதல் வீடு தேடும் குடும்பத்தைத் தடுப்பதில் விலைக்கு உள்ள பங்கு அளவுக்கும் உண்டு. 600 சதுர அடி போதும் என்று வருகிறவருக்கு 1,100 சதுர அடிக்குக் கீழே காட்ட ஒன்றுமில்லை என்ற நிலை பல பகுதிகளில் வந்துவிட்டது. இதற்கு பில்டர்களின் ஆசையை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் விதிகளில் பலவும் வீட்டின் பரப்பை விட்டுவிட்டு வீடுகளின் எண்ணிக்கையை எண்ணுகின்றன. எண்ணிக்கையைக் குறைத்து அளவைப் பெருக்கினால் கட்டுபவருக்கு வேலை சுலபம். இதை மாற்றித் தர வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

முதலில் வாங்குபவரின் கணக்கு. புறநகரில் சதுர அடி 5,500 ரூபாய் என்றும், பதிவுக்காக அரசு குறிக்கும் வழிகாட்டி மதிப்பும் அதே அளவு என்றும் வைத்துக்கொள்வோம். 1,100 சதுர அடி வீடு 60.50 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம். ஆகவே கையிலிருந்து 12.10 லட்சம். புதிய அடுக்கக வீட்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத்தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம்: 4.23 லட்சம். கட்டுமானத்தில் இருக்கும்போதே வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம்: 3.02 லட்சம். மொத்தம் 19.35 லட்சம் ரொக்கமாக வேண்டும். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 42,000.

அதே கட்டடத்தில் 600 சதுர அடி வீடு இருந்தால் 33 லட்சம். கடன் 30 லட்சத்துக்குள் அடங்குவதால் 90 சதவீதம் கிடைக்கும், கைப்பணம் 3.30 லட்சம். மதிப்பு 50 லட்சத்துக்குள் இருப்பதால் பதிவுச் செலவு 6 சதவீதம்: 1.98 லட்சம். ஜிஎஸ்டி 1 சதவீதம்: 33,000. மொத்தம் 5.61 லட்சம், தவணை சுமார் 25,800. அளவு பாதிக்குச் சற்று மேல்தான், ஆனால் முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. வாடகை கொடுத்துக்கொண்டே 19 லட்சம் சேர்க்கச் சொல்வதும் ஐந்தரை லட்சம் சேர்க்கச் சொல்வதும் ஒன்றல்ல. பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0 வட்டி மானியம், ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு அதிகபட்சம் 1.80 லட்சம் வரை கிடைக்கிறது. அதற்கும் வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். பெரிய வீடு மட்டுமே கட்டப்படும் ஊரில் இந்த மானியத்தை வாங்கும் வழியே இல்லை.

இனி கட்டுபவர் பக்கம். மூன்று கிரவுண்டு மனை, அதாவது 7,200 சதுர அடி, சுமார் 669 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 என்றால் 14,400 சதுர அடி கட்டலாம். இதை 8 வீடாகப் பிரித்தால் வீட்டுக்கு 1,800 சதுர அடி. 24 ஆகப் பிரித்தால் 600. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன்படி மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ கட்டுமானத் திட்டத்தை அச்சட்டத்தின்கீழ் பதிவு செய்யத் தேவையில்லை. 8 வீட்டோடு நின்றுகொள்பவருக்குத் தனி வங்கிக் கணக்கு, காலாண்டு அறிக்கை எதுவும் இல்லை. 24 சிறு வீடு கட்டுபவருக்கு எல்லாம் உண்டு. மின்சாரத்திலும் இப்படித்தான். 10 வீடுகளுக்குள், 3 மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புக்குத்தான் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணச் சலுகை. பதினோராவது வீடு வந்தால் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் கூடுதல் கட்டணம், அதுவும் செலவைத் தாங்க முடியாத சிறு வீட்டுக்காரர் தலையில்.

ஒழுங்குமுறைச் சட்டத்தின் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லவில்லை. சிறு வீடு வாங்குபவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு அதிகம் தேவை. எண்ணிக்கை கூடுவதால் வரும் சுமைக்கு ஈடாக மாநில அரசின் கையில் உள்ள சலுகைகளைச் சிறு வீட்டின் பக்கம் திருப்புங்கள் என்கிறோம். மின்கட்டணச் சலுகைக்கு வீட்டின் எண்ணிக்கைக்குப் பதில் சராசரிப் பரப்பை அளவாக வைத்தாலே ஒரு தடை நீங்கும்.

சிறு வீட்டுக்குச் சதுர அடிக் கட்டுமானச் செலவு கூடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன கட்டடத்தில் 8 சமையலறைக்குப் பதில் 24 சமையலறை, 24 தலைவாசல், 24 மின் மீட்டர், அத்தனைக்கும் தண்ணீர், கழிவுநீர்க் குழாய். குழாய் செல்லும் செங்குத்துக் குழிகளை இரண்டிரண்டு வீட்டுக்குப் பொதுவாக அமைத்து, மேல்தளக் கழிவறைக்கு நேர் கீழே கழிவறை வருமாறு போட்டால் இந்தக் கூடுதலில் பெரும்பகுதி குறையும். இதைச் செய்யாமல் பெரிய வீட்டு வரைபடத்தைச் சுருக்கிப் போடுவதால்தான் பல சிறு வீடுகள் இருட்டாகவும் ஈரமாகவும் போய், மக்களுக்கு அதன்மீது வெறுப்பு வருகிறது.

45 சதுர மீட்டர் கார்பெட் ஏரியா, அதாவது வெளிச்சுவர்களுக்கு உட்பட்ட தரைப்பரப்பு (484 சதுர அடி), நான்கு பேர் குடும்பத்துக்குக் கண்ணியமான வீடாகும். கூடம் 3.0 × 4.2 மீட்டர், படுக்கையறை 3.0 × 3.3, பிள்ளைகள் அறை 2.7 × 2.8, சமையலறை 1.8 × 2.8, குளியலறை 1.2 × 2.1, தனிக் கழிவறை 1.0 × 1.2, பாத்திரம் துலக்கித் துணி துவைக்கும் இடம் 1.2 × 1.5. கூட்டினால் 40.6 சதுர மீட்டர். மீதி 4.4 நடைவழிக்கும் உட்சுவருக்கும் சரியாக இருக்கும். குளியலறையையும் கழிவறையையும் பிரிப்பது முக்கியம். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் வீட்டில் அது இரண்டாவது குளியலறையின் வேலையைச் செய்யும். ஒவ்வொரு படுக்கையறைக்கும் இணைந்த கழிவறை, தனி உணவறை, மூன்று பால்கனி என்று சேர்த்துக்கொண்டே போனதில்தான் 484 அடி வீடு 1,100 ஆனது.

கார் நிறுத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு காருக்கு 2.5 × 5 மீட்டர். வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் ஏறத்தாழ 25 சதுர மீட்டர், அதாவது நாங்கள் கேட்கும் வீட்டில் பாதிக்கும் மேல். பைக் வைத்திருக்கும் குடும்பம் காருக்கான தரைத்தளத்தின் விலையையும் கொடுக்கிறது. 45 சதுர மீட்டருக்கு உட்பட்ட வீடுகளுக்கு, ரயில் அல்லது மெட்ரோ நிலையத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால், இருசக்கர வாகன இடம் மட்டும் போதும் என்று 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் ஐயத்துக்கு இடமின்றி ஒரே வரியில் சேர்க்க வேண்டுகிறோம். மாதவரம் – சிறுசேரி, கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி, மாதவரம் – சோழிங்கநல்லூர் ஆகிய இரண்டாம் கட்ட மெட்ரோ வழித்தடங்களில் இதை உடனே நடைமுறைப்படுத்தலாம்.

அதே விதிகளில், சாலை அகலத்தைப் பொறுத்து 30 முதல் 50 சதவீதம் வரை கூடுதல் தளப்பரப்பைக் கட்டணத்துக்கு வாங்கும் வசதி உள்ளது. இப்படி வாங்கும் பரப்பு பெரும்பாலும் பெரிய வீட்டை மேலும் பெரிதாக்கவே போகிறது. கூடுதல் பரப்பில் பாதியாவது 45 சதுர மீட்டர் வீடுகளாக வந்தால் கட்டணம் குறைவு, இல்லையேல் முழுக் கட்டணம் என்று பிரியுங்கள். திட்ட அனுமதியின்போது தங்குமிட நிதி என்ற தலைப்பில் பெறும் தொகை, எந்த ஆண்டு எந்த இடத்தில் எத்தனை வீடாக மாறியது என்பதையும் குழுமத்தின் இணையதளத்தில் வெளியிட வேண்டும்.

மனைப் பிரிவுகளில் நடப்பது இதைவிட வருத்தமானது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக, 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான மனைகளாக ஒதுக்க வேண்டும். அவற்றை ஒன்றாக இணைக்கவும் கூடாது. விதி நல்ல விதிதான். ஆனால் அந்த ஒதுக்கீடு வரைபடத்தோடு நின்றுவிடுகிறது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரும் பத்திரத்தில் அது சாதாரண மனை எண். பக்கத்துப் பக்கத்து மூன்று மனைகளை ஒரே குடும்பம் வேறு வேறு பெயரில் வாங்கி ஒரே வீடு கட்டினால் கண்டுபிடிக்க யாருமில்லை. மனைப்பிரிவு அனுமதி எண்ணோடு இந்த மனைகளின் எண்களும் பதிவுத்துறையின் கணினியில் ஏறி, வில்லங்கச் சான்றிலும் பட்டாவிலும் அடையாளக் குறிப்பு வர வேண்டும். கட்டட அனுமதி கேட்கும்போது இரண்டு குறியிட்ட மனைகள் ஒரே விண்ணப்பத்தில் வந்தால் கணினியே நிறுத்திவிடும்.

2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அங்கீகாரமற்ற மனைகளின் பதிவு நின்றது சரியான நடவடிக்கை. வடிகாலும் சாலையும் இல்லாத இடத்தில் மக்கள் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அப்படி அங்கீகாரமின்றி விற்ற 600 சதுர அடி மனைதான் பலருக்கு முதல் படியாக இருந்தது. அங்கீகாரத்தோடு அதே அளவு மனை போதுமான எண்ணிக்கையில் வரவில்லை. 6 × 9 மீட்டர் மனையில் முன்புறம் 1.5 மீட்டரும் ஒரு பக்கம் 1 மீட்டரும் விட்டால் 54-இல் 37.5 சதுர மீட்டர்தான் எஞ்சும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிக் கட்ட அனுமதித்து, புதிய மனைப்பிரிவுகளில் குறிப்பிட்ட தெருக்களைத் தொடர் கட்டடப் பகுதியாக அறிவித்தால் அதே மனையில் 45 சதுர மீட்டர் கிடைத்துவிடும்.

இதற்குச் சென்னையிலேயே முன்னுதாரணம் உண்டு. 1970-களின் இறுதியில் உலக வங்கிக் கடனுதவியுடன் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சிறிய மனைகளை வெட்டி, சாலை, குடிநீர், கழிவுநீர் வசதியோடு கொடுத்தார்கள். வீட்டைக் குடும்பங்கள் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டன. இன்று அவை மாடி வீடுகள் நிறைந்த, கடையும் பள்ளியும் உள்ள சாதாரணத் தெருக்கள். தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் இம்முறையை மீண்டும் எடுக்க வேண்டும், ஒரு திருத்தத்தோடு: அடித்தளத்தையும் தூணையும் வாரியமே போட்டுத் தர வேண்டும். படிப்படியாகக் கட்டும் வீடுகளில் பிழை நடப்பது அங்கேதான். ஒரு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் பத்து ஆண்டு கழித்து மூன்று மாடி ஏற்றுகிறார்கள். மொட்டை மாடியில் விட்ட தூண் கம்பி மழையில் துருப்பிடித்து, அதிலேயே புதுக் கம்பி கட்டப்படுகிறது. மண் பரிசோதனை செய்து, தரை + 2 மாடிக்குக் கணக்கிட்ட அடித்தளம், 230 × 300 மில்லிமீட்டர் தூண்கள், மேலே 16 மில்லிமீட்டர் கம்பியில் 800 மில்லிமீட்டர் நீளம் விட்டு, அதன்மேல் பிறகு உடைத்தெடுக்கக்கூடிய மெலிந்த கான்கிரீட் மூடி. இவ்வளவு செய்து மாதிரி வரைபடத்தோடு ஒப்படைத்தால் மீதியை மேஸ்திரி பார்த்துக்கொள்வார்.

2024 ஜூலையில் தொடங்கிய, விண்ணப்பதாரர் தாமே சான்றளிக்கும் சுயசான்று முறையில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமான வீட்டுக்கு உடனடி அனுமதி கிடைக்கிறது. மிக உதவியான ஏற்பாடு. ஒரு குடும்பத்தின் 3,500 சதுர அடி வீட்டுக்குக் கிடைக்கும் இந்த வேகம், அதே பரப்பில் தரை + 2 மாடியாக ஆறு சிறு வீடு கட்டுபவருக்கு இல்லை. துறை அங்கீகரித்த மாதிரி வரைபடத்தை மாற்றமின்றிப் பயன்படுத்தினால் அதையும் இம்முறையில் சேர்க்க வேண்டுகிறோம்.

பதிவுக் கட்டணச் சலுகை மதிப்பை மட்டும் பார்க்கிறது. அடையாறில் 45 சதுர மீட்டர் வீடு எளிதில் 50 லட்சத்தைத் தாண்டிவிடும்; தொலைவான புறநகரில் அதைவிடப் பெரிய வீடு 50 லட்சத்துக்குள் வந்து 6 சதவீதத்தில் முடியும். ஊருக்குள் சிறிதாக வாங்குபவரை விதி இப்படித் தண்டிக்கக் கூடாது. 45 சதுர மீட்டருக்கு உட்பட்ட முதல் வீட்டுக்கு, மதிப்பு எதுவானாலும், மிகக் குறைந்த விகிதம் பொருந்த வேண்டும். பெண்கள் பெயரில் 10 லட்சம் வரை தரும் ஒரு சதவீதச் சலுகையையும் சென்னைப் பகுதியில் 35 லட்சமாக உயர்த்த வேண்டும். 10 லட்சத்துக்கு இங்கே அடுக்கக வீடு ஏது? 1 சதவீத ஜிஎஸ்டிக்கு 2019-இல் வைத்த 45 லட்ச வரம்பை நீக்கி, 60 சதுர மீட்டர் வரம்பை மட்டும் வைத்துக்கொள்ள ஜிஎஸ்டி மன்றத்தில் மாநிலம் குரல் கொடுக்க வேண்டும். 45 லட்சத்தைத் தாண்டியதும் வரி 5 சதவீதமாகிவிடுவதால், அதற்கு மேல் வீட்டைச் சிறிதாக வைக்கக் கட்டுபவருக்குக் காரணமே இல்லாமல் போகிறது.

பழைய அடுக்ககங்களின் மறுகட்டுமானம் வேகமெடுத்துள்ளது. 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டப்படி மூன்றில் இரு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும். நகரின் நடுவில் எஞ்சியிருக்கும் சிறு வீடுகள் அந்தப் பழைய குறைந்த வருவாய்ப் பிரிவு அடுக்ககங்களில்தான் உள்ளன. ஒவ்வொரு மறுகட்டுமானத்திலும் அவை மறைகின்றன. உரிமையாளர்களுக்குப் பெரிய வீடு கிடைப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. விற்பனைக்குப் போகும் கூடுதல் வீடுகளில் ஐந்தில் ஒன்றாவது 45 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அனுமதி நிபந்தனை விதியுங்கள்.

சிறு வீடு என்றதும், நகரின் குடிசைப் பகுதி மக்களை மறுகுடியமர்த்திய கண்ணகி நகர், பெரும்பாக்கம் போல வேலையிலிருந்து வெகுதூரத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கிவிடும் யோசனை மீண்டும் எழக்கூடாது. அங்கே குடும்பங்கள் இழந்தது நடந்து போகும் தூரத்து வேலையையும் பள்ளியையும். எங்கள் கோரிக்கை எல்லாத் தெருவிலும், எல்லா அளவு வீட்டுக்கும் நடுவே, சிறு வீடும் இருக்க வேண்டும் என்பதே. சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு 2027–2046 காலத்துக்கான மூன்றாம் பெருந்திட்டம் தயாராகி வரும் நேரத்தில், ஒவ்வொரு மண்டலத்திலும் ஆண்டுதோறும் எத்தனை வீடுகள் 45 சதுர மீட்டருக்குள் அனுமதிக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை ஒரு கட்டாயக் கணக்காக அதில் சேர்க்க வேண்டுகிறோம். கட்டட அனுமதிக்கான ஒற்றைச் சாளர இணையத்தில் ஒவ்வொரு வீட்டின் பரப்பும் ஏற்கெனவே பதிவாகிறது. தொகுத்து வெளியிட்டால் போதும்.

6 × 9 மீட்டர் மனைக்கும் மூன்று கிரவுண்டு மனைக்குமான மாதிரி வரைபடங்களும் பொருள் அளவுப் பட்டியலும் இம்மனுவுடன் இணைக்கப்பட்டுள்ளன. தாங்கள் குறிக்கும் நாளில் நேரில் வந்து விளக்கத் தயாராக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இடம்: சென்னை
இணைப்பு: மாதிரி வரைபடங்கள் – 2, பொருள் அளவுப் பட்டியல் – 1