நெருக்கிவைப்பதுதான் பிழை

ஆசிரியருக்கு,

பாடசாலை மாணவர்கள் இல்லங்களாகப் பிரிந்து மோதும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளால் படிப்புக் கெடுகிறது என்று பெற்றோர் குறைப்படுவதாக உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். போட்டிகளைக் குறைக்க வேண்டாம்; நெருக்கிவைப்பதுதான் பிழை. யாழ்ப்பாணத்தில் முதலாம் தவணை என்றால் அணிநடைப் பயிற்சி, பேச்சுப் போட்டி, மார்ச்சில் வடக்கின் பெருஞ்சமர் என்னும் பாடசாலைக் கிரிக்கெட் போட்டி, அப்புறம் தவணைப் பரீட்சை. தரம் 10இல் படிக்கும் என் மகள் இல்ல அலங்காரத்துக்குத் தென்னோலை பின்னிவிட்டு வந்து, கணிதக் கொப்பியைத் திறந்தபடியே தூங்கிப்போனாள். விரலெல்லாம் ஈர்க்குக் கீறல். மறுநாள் ஐந்து மணிக்கே எழும்பினாள், படிக்க அல்ல, ஓட்டப் பயிற்சிக்கு!

தெரிவுப் போட்டிகளைத் தவணைத் தொடக்கத்திலேயே முடித்து, இறுதிநாளுக்கும் பரீட்சைக்கும் இடையே இரண்டு வாரமாவது விடலாம். திகதிகளை முன்கூட்டியே தந்தால், நாங்களும் கலியாணவீட்டுப் பயணங்களைச் சுருக்கிக்கொள்வோம்.

– ஒரு தாய், யாழ்ப்பாணம்