பழைய சமையல் நூல் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை தபாலில் போகும். சென்ற ஆண்டும் போனது.

மாதக் கூட்டங்கள் நடந்தன. இரண்டு மட்டும் போதிய உறுப்பினர் வராததால் கலைந்தன. நூல் பரிமாற்ற நாள் வழக்கம்போல் நடைபெற்றது. அலமாரிக்கு வண்ணம் பூசப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி கறைப் பதிவேடு: சங்க நூல்களில் எந்தப் பக்கத்தில் என்ன சமையல் கறை என்று குறித்து வைப்பது. "அழுக்கை எண்ணவா சங்கம் நடத்துகிறோம்?" என்று செயற்குழுவிலேயே கேள்வி வந்ததால், சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அச்சிட்ட குறிப்பு, வாசகர் என்ன சமைக்க வேண்டும் என்று ஆசிரியர் விரும்பினார் என்பதைத்தான் காட்டும். உண்மையில் சமைத்தார்களா என்பதற்குத் தாள்தான் சாட்சி. முறை எளியது. நூலின் முதுகு கீழே இருக்க மேசைமேல் நிறுத்திக் கையை மெல்ல எடுத்தால், தானாக ஒரு பக்கம் விரியும். மூன்று முறையும் அதே பக்கம் வந்தால் மட்டுமே பதிவு. தையல் அறுந்த நூலில் இச்சோதனை கூடாது. அறுந்த இடத்தில்தான் அது விரியும், சமைத்த இடத்தில் அல்ல.

பிறகு கறையின் வகை. வெண்ணெயும் எண்ணெயும் தாளை ஒளி ஊடுருவும்படி ஆக்கி மறுபக்கத்திலும் தெரியும். பாகும் முட்டையும் தாளை விறைக்க வைத்து அடுத்த பக்கத்தோடு ஒட்டிவிடும். அதைக் கத்தியால் பிரிக்க வேண்டாம், 'ஒட்டியது' என்று எழுதினால் போதும். மாவு தையல் பள்ளத்தில் தங்கும். ஓரத்தில் அலைபோல் பழுப்புக் கோடு இருந்தால் நூல் எங்கோ ஈரத்தில் கிடந்திருக்கிறது, அடுப்படிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இடையில் செருகிய செய்தித்தாள் நறுக்கின் அமிலமும் இருபுறமும் பழுப்பு நிழல் பதிக்கும். அதைக் கறையென்று கொண்டதால் முதல் மாதப் பதிவுகள் முழுவதும் திருத்தப்பட்டன. நறுக்கை அமிலமற்ற உறையில் வைத்துப் பக்க எண்ணைக் குறிக்க வேண்டும். எண்ணை முதலில் எழுதிவிட்டு நறுக்கைப் பின்னர் உள்ளே இடுக. இல்லையேல் பென்சில் அழுத்தம் அதன்மேல் விழும்.

கண்டது என்ன? கறை கேக், இனிப்பு, ஜாம், ஊறுகாய்ப் பக்கங்களில் குவிகிறது. அதனால் அந்த வீட்டார் தினமும் கேக் தின்றார்கள் என்று எழுதிவிட முடியாது. அன்றாடச் சமையல் கைப்பழக்கம், அதற்கு நூலைத் திறக்க வேண்டியதில்லை. அளவு பிசகினால் கெட்டுப்போகும் பண்டத்துக்குத்தான் நூல் அடுப்பருகே வரும். ஆக, கறையில்லாத பக்கம் இரண்டு வகை: யாரும் சமைக்காதது, எல்லோருக்கும் மனப்பாடமானது. 'வழக்கம்போல் வேகவைக்க' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் பெரும்பாலும் இரண்டாவது. புத்தம்புதிதாக இருக்கும் முதற்பதிப்பை மட்டுமே தேடும் உறுப்பினர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

சமைத்துப் பார்க்கும் குழு அளவில்தான் தடுமாறியது. பிரிட்டனில் 1824-ஆம் ஆண்டு அளவைச் சட்டத்துக்குப் பின் ஒரு பைன்ட் என்ற திரவ அளவு சுமார் 568 மில்லிலிட்டர். அமெரிக்கப் பைன்ட், ஒயினுக்கு இருந்த பழைய ஆங்கில அளவிலேயே நின்று சுமார் 473 மில்லிலிட்டர். அமெரிக்க நூலின் பாலைப் பிரிட்டிஷ் பைன்டில் ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். கரண்டி அளவும் அப்படித்தான். கத்தியால் வழித்து மட்டப்படுத்திய கரண்டியை, அமெரிக்கச் சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மரின் 1896-இல் வெளிவந்த நூல் வலியுறுத்தியது. அந்த வழக்கம் பரவுமுன் வந்த நூல்களில் குவித்த கரண்டியா, மட்டக் கரண்டியா என்பதை ஊகிக்கத்தான் வேண்டும்.

1861-இல் நூலாக வந்த, இங்கிலாந்தின் பீட்டன் அம்மையாரின் இல்லறக் குறிப்புத் தொகுப்பு, பெரிய கேரட்டை 1¾ முதல் 2¼ மணி நேரம் வேகவைக்கச் சொல்கிறது. கூட்டத்தில் சிரித்தவர்கள் தொடர்ந்து வாசித்திருக்கலாம்: இளங்கேரட்டுக்குச் சுமார் அரை மணிதான். அடுப்படிக்கு வந்த கேரட் எவ்வளவு முற்றியது என்பதையும் சேர்த்தே அந்த நேரம் சொல்கிறது.

ஓர் எச்சரிக்கை. பழைய நூல்களில் உள்ள, காய்கறியைப் போத்தலில் அடைத்துக் கொதிநீரில் வைக்கும் முறையை யாரும் செய்து பார்க்க வேண்டாம். நீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். உணவை நஞ்சாக்கும் போட்டுலினம் கிருமியின் வித்து அந்தச் சூட்டில் சாகாது. ஊறுகாய் பச்சையாக இருக்கச் செம்புப் பாத்திரத்தில் வினிகரைக் காய்ச்சும் குறிப்பும் அப்படியே. அந்தப் பச்சை செம்பு நஞ்சு.

இரவல் நூல்கள் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில திரும்பவில்லை. திரும்பியவற்றில் ஒன்றின் கிழிசல் செலோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிறகு எடுக்க வராது. இன்னொன்றில் ஓரத்துப் பென்சில் குறிப்புகள் 'சுத்தமாக' அழிக்கப்பட்டிருந்தன. 'சர்க்கரை பாதி போதும்' போன்ற ஒரு வரிக்காகத்தான் பதிவேடே தொடங்கப்பட்டது.

வரவு செலவு பொருளாளரால் சரிபார்க்கப்பட்டது. வரவைவிடச் செலவு சிறிது கூடுதல். உறைகளும் பெட்டிகளும் அவசியமானவை என்பதில் செயலாளருக்கு ஐயமில்லை. சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் குறையவில்லை. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் அலமாரியின் உட்கதவில் ஒட்டப்பட்டுள்ளது.

இடம் தந்தவர்க்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்க்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பதிவேடு தொடருமா என்பது செயலாளர் கையில் மட்டும் இல்லை. பாதி அலமாரி இன்னும் மீதம். ஒருவர் நூலைப் பிடிக்க, ஒருவர் எழுத, மாதம் ஒரு பிற்பகல் போதும். இதுவரை எழுதியதெல்லாம் ஒரே கையெழுத்தில் இருக்கிறது என்பதைப் பொதுக்குழு கவனத்தில் கொள்க. சந்தாவோடு வருபவர்கள், இரவல் நூல்களையும் எடுத்து வரவும். துடைக்காமல்.

செயலாளர்