பெரிய மோட்டாருக்கு லோடு எங்கே போட்டார்கள்?

மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரனுக்குக் காய்ச்சல், அதனால் உட்கார்ந்து எழுத முடியவில்லை, இப்போது தேறிவிட்டான். முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

மோட்டார் வந்த புதிதில் தொழிற்சாலையில் எப்படி டெஸ்ட் செய்திருப்பார்கள் என்று கேட்டிருந்தாய். சின்னதற்கு நாம் பாலிடெக்னிக்கில் செய்த அதே பிரேக் டெஸ்ட்தான்: மோட்டார் சுற்றும் டிரம்மைப் பெல்ட்டால் இறுக்கிப் பிடிப்பது, இழுவையை ஸ்பிரிங் பேலன்ஸில் படிப்பது, கருகாமல் இருக்கத் தண்ணீர். பெரியதற்கு அது உதவாது. அத்தனை சக்தியையும் சூடாக்கி வீணடிக்க வேண்டும், அதைக் கொடுக்க அதே அளவு நீராவி எஞ்சினும் வேண்டும். கணக்கு அதைவிட மோசம். திறன், அதாவது உள்ளே போகும் சக்தியில் வெளியே வரும் பங்கு, 92 சதவீதம் என்று வைத்துக்கொள், உள்ளே போவதை அளப்பதிலும் வெளியே வருவதை அளப்பதிலும் ஆளுக்கு ஒரு சதவீதம் பிசகினால் 8 என்று நினைத்த இழப்பு 6 ஆகவும் இருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம்.

இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் ஹாப்கின்சனும் அவர் தம்பி எட்வர்டும் 1886-இல் எழுதிய வழி இதற்குத்தான். ஒரே மாதிரி இரண்டு டைனமோ, தண்டோடு தண்டு இணைப்பு, ஒன்று மோட்டாராக ஓடி மற்றதைச் சுற்றும், அது தரும் மின்சாரம் மோட்டாருக்கே திரும்பும். இரண்டும் முழு லோடில் இருக்கும், ஆனால் வெளியிலிருந்து கொடுக்க வேண்டியது இழப்பு மட்டும். அவர்கள் அதை எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டுக் கொடுத்தார்கள், மின்சாரமாகவே கொடுப்பது அப்புறம் வந்தது. இழப்பையே நேராக அளப்பதால் அதில் கொஞ்சம் பிசகினாலும் திறன் பெரிதாக மாறாது. எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க மணிக்கணக்கில் ஹீட் ரன் ஓட்டவும் கட்டுப்படியாகும். ஒரு ஓட்டை உண்டு: ஜெனரேட்டராக ஓடுவதற்குக் காந்தப் புலம் கொஞ்சம் கூட வேண்டும், அதனால் இரும்பு இழப்பு, அதாவது காந்தத்தால் இரும்பு சூடாகி வீணாவது, இரண்டிலும் சமமில்லை. அதைப் பாதிப் பாதி என்று எழுதுவது ஒரு சௌகரியம்தான், நாமும் அப்படித்தானே எழுதினோம்!

கியர் கதை வேறு. ஸ்பிராக் என்ற அமெரிக்கப் பொறியாளர் அங்கே ரிச்மண்ட் நகர டிராமுக்கு 1887-88-இல் வைத்த மோட்டார்களைத் தெருதான் டெஸ்ட் செய்தது, ஏற்றத்தில் வேகத்தை ஒரே கட்டத்தில் குறைக்கும் கியர் போதாமல் இரண்டு கட்டமாகக் குறைப்பதற்கு மாற வேண்டியதாயிற்று. எட்வர்ட் ஹாப்கின்சனோ 1890-இல் லண்டன் சுரங்க ரயிலின் எஞ்சின்களுக்குக் கியரே வேண்டாம் என்று மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரைச் சக்கர அச்சின் மேலேயே வைத்துவிட்டார். 1909-இல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில், கப்பலுக்கான ஒரு குறைப்புக் கியரை, நிமிடத்துக்கு 1,500 சுற்றை 300 ஆக்குவது, சுமார் 6,000 குதிரைத்திறனில் தொழிற்சாலையிலேயே தண்ணீர் பிரேக் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள், திறன் 98 சதவீதத்துக்கு மேல். அந்த உயரத்தில் அரை சதவீதம்கூடப் பெரிய விஷயம்.

உங்கள் ஷாப்பில் இரண்டு கியர் பெட்டியை எதிரெதிரே வைத்து, தண்டை முறுக்கி போல்ட் போட்டுச் சின்ன மோட்டாரால் சுற்றுவீர்களே, அது ஹாப்கின்சன் யோசனைதான், மின்சாரத்துக்குப் பதில் முறுக்குவிசை சுழல்கிறது, அவ்வளவுதான். தண்டுகளை இணைக்கும் ஃபிளாஞ்சை முறுக்க என்ன வைத்திருந்தீர்கள், நெம்புகோலும் எடையுமா? எண்ணெய்ச் சூட்டைக் குறித்து வைப்பீர்களா? அடுத்த கடிதத்தில் எழுது.

உன்,
பழைய ரூம்மேட்