ஃபேர்ஃபாக்ஸில் தேர்தல் வேலைக்குப் போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

தேர்தல் வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். நல்லது. போகுமுன் உன் கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 2013-ல் நடந்ததைத் தெரிந்துகொள்.

அந்த நவம்பர் 5-ல் வர்ஜீனியா மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் பதவிக்கு மார்க் ஹெரிங்கும் மார்க் ஓபன்ஷைனும் மோதினார்கள். (நம் ஊரில் அட்வகேட் ஜெனரலை நியமிப்பார்கள், அங்கே அந்த வேலைக்கும் ஓட்டு.) 22 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. முதலில் முந்தியவர் ஓபன்ஷைன். பிறகுதான் ஃபேர்ஃபாக்ஸில் சுமார் 3,000 ஆப்சென்டி ஓட்டுகள் (தேர்தல் நாளில் சாவடிக்கு வர முடியாதவர்கள் முன்கூட்டியே போட்டவை) கணக்கில் ஏறாதது தெரிந்தது. ஓட்டுத் தாளை எண்ணும் ஸ்கேனர் ஒன்று பழுதானதில் வந்த குளறுபடி அது. ஓட்டுகள் பத்திரமாகத்தான் இருந்தன; கூட்டலில்தான் இல்லை. கவுன்ட்டியின் மற்றப் பகுதிகளைவிட அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான 8-ஆம் தொகுதிப் பகுதியில் ஆப்சென்டி ஓட்டு மிகக் குறைவாகத் தெரிந்ததே துப்பு. கடைசியில் முடிவைச் சான்றளித்தபோது ஹெரிங் 165 ஓட்டு முன்னே இருந்தார்.

வர்ஜீனியாவில் மறு எண்ணிக்கை தானாக நடக்காது. வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் இருந்தால் தோற்றவர் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். அரை சதவீதத்துக்குள் என்றால் செலவு அரசுடையது. ஓபன்ஷைன் கேட்டார். டிசம்பர் 18-ல் தோல்வியை ஏற்றார். முடிவில் வித்தியாசம் 907.

165 எப்படி 907 ஆனது? தாளில் பெயருக்குப் பக்கத்து வட்டத்தை நிரப்பாமல் பெயரைச் சுழித்தவர்கள், பக்கத்தில் டிக் போட்டவர்கள் எல்லாத் தேர்தலிலும் உண்டு. ஸ்கேனருக்கு அது வெற்றுத் தாள். மறு எண்ணிக்கையில் அப்படிப்பட்ட தாள்களைத் தனியே பிரித்து, கட்சிக்கு ஒருவராக இருவர் கண்ணால் பார்த்தார்கள். இருவருக்கும் ஒத்துவராத தாள் மூன்று நீதிபதிகளிடம் போகும்.

சாவடி மூடியதும் உன் வேலை இதுதான். வாக்காளர் பட்டியலில் ஓட்டுப் போட வந்ததாகக் குறித்த பேர் எத்தனை, ஸ்கேனர் எண்ணியது எத்தனை என்று முதலில் பொருத்திப் பார். ஒன்று குறைந்தாலும் காரணத்தைத் தாளில் எழுது, தோராயமாகச் சரிக்கட்டாதே. யாராவது ஓட்டுப் போடாமலே வெளியேறியிருக்கலாம், அல்லது அவசரப் பெட்டியில் தாள் கிடக்கலாம். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க மறக்காதே. நாள் நடுவில் ஸ்கேனர் நின்றிருந்தால் தாள் அங்கேதான் இருக்கும். இயந்திரத்தை மாற்றியிருந்தால் இரண்டும் எண்ணிக்கையை அச்சிட்டுத் தரும் காகிதச் சுருள்கள் வேண்டும். சுருளிலிருந்து படிவத்துக்கு எண்ணை ஏற்றும்போது ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் எழுதட்டும். பிறகு இடம் மாறி இன்னொரு முறை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் 163 எல்லார் கண்ணுக்கும் 136 ஆகத்தான் தெரியும்.

சாப்பாடு கையோடு கொண்டு போ.

அப்பா