பொறுத்துப் பார்ப்பதற்கும் ஒரு தேதி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தை வளர்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையில் 'பேச்சு தாமதமானால் பயப்படாதீர்கள், பொறுத்துப் பாருங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பயப்படாதீர்கள் என்பது சரி. ஆனால் எத்தனை நாள் பொறுப்பது, எதைக் கவனிப்பது என்று சொல்லாமல் விட்டால், 'இவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஒரு வருஷம் ஓடிவிடும்.

ஒரு குழந்தை 9 மாதத்தில் நடக்கும், இன்னொன்று 17 மாதத்தில் நடக்கும், இரண்டும் இயல்புதான். குறைமாதத்தில் பிறந்திருந்தால் 2 வயது வரை, பிறந்திருக்க வேண்டிய தேதியை வைத்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். அதனால் ஏதோ ஒன்றில் மட்டும் கொஞ்சம் பின்தங்கியிருக்கிற குழந்தையைக் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிட்டு, அடுத்து எப்போது வர வேண்டும் என்று அன்றைக்கே தேதி வாங்கிக்கொண்டு கவனிப்பதில் தப்பில்லை.

சில விஷயங்களில் அந்த அவகாசமும் கூடாது. 12 மாதமாகியும் மழலை இல்லை, விரல் நீட்டிக் காட்டுவதோ டாட்டா காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை, 18 மாதத்தில் தனியாக நடக்கவில்லை, 2 வயதில் இரண்டு வார்த்தையைத் தானாகச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் குழந்தை வளர்ச்சி நிபுணரிடம் அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த பேச்சையோ பழகிய பழக்கத்தையோ குழந்தை இழந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். ஆண் குழந்தை அப்படித்தான், வீட்டில் இரண்டு மொழி பேசுகிறோம் என்பதெல்லாம் இதற்குப் பதில் ஆகாது.

பேச்சு வரவில்லையென்றால் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். கதவு சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று நாமே முடிவு கட்டக் கூடாது. சத்தம் கேட்கும், பேச்சு தெளிவாகக் கேட்காது என்ற நிலையும் உண்டு. நடுக்காதில் நீர் கோத்திருந்தால்கூட அப்படி ஆகும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

குழந்தைக்குக் குறைபாடு என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்றுதான் பலரும் நிபுணரிடம் போகத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே நடப்பது, குழந்தையை விளையாட விட்டுப் பார்ப்பதும், வீட்டில் எப்படி இருக்கிறது என்று நம்மிடம் விவரமாகக் கேட்பதும்தான். புது இடத்தில் குழந்தை அழுதுகொண்டே இருக்கலாம், அதனால் வீட்டில் சாதாரணமாக இருக்கும்போது எடுத்த வீடியோவைக் கொண்டுபோங்கள். நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வந்தால், பேச்சுப் பயிற்சியையோ இயன்முறை சிகிச்சையையோ அதற்குள் தொடங்கிவிடலாம், குறைபாட்டின் பெயர் முடிவாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு டாக்டர் 'ஒன்றுமில்லை' என்று சொன்ன பிறகும் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லையென்றால் இன்னொருவரைக் கேட்பது அவமரியாதை இல்லை.

அடுத்த இதழில் மாத வாரியாக எதைக் கவனிக்க வேண்டும் என்று தனியாக ஒரு பக்கம் போடுங்கள். வெட்டி எடுத்துத் தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொள்கிற அளவில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி