பாலேயா, நாட்டார் ஆட்டமா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் ஒரே ஒரு மாலைதான் கையில் இருந்தால் பாலேக்குப் போங்கள், நேரம் மிஞ்சினால் நாட்டுப்புற நடனம் பாருங்கள் என்று உங்கள் பயணப் பக்கக் கட்டுரை முடிகிறது. முடிவில் பாதி சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் பிழை. பாலே உயர்ந்த கலை, மற்றது வேடிக்கை என்பதல்ல விஷயம். பாலே, கதிரையில் இருந்து ஒரு பக்கமாகப் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட ஆட்டம். கால்களை இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திருப்பி வைத்திருப்பதால் முகத்தைச் சபைக்குக் காட்டியபடியே ஆடுபவர் பக்கவாட்டில் போக முடிகிறது. நாட்டார் ஆட்டத்தில் பெரும்பகுதி வட்டமாக ஆடுவது. சபை என்று ஒரு பக்கம் அதற்கு இல்லை. ஆகவே நகரத்து அரங்கில் டிக்கட் வாங்கி இருந்தால் பாலே முழுதாகக் கிடைக்கும், மற்றது பாதிதான் கிடைக்கும். வட்டக்களரியைச் சுற்றி நாலு பக்கமும் இருந்து விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கட்டுரை அடியோடு விட்டுவிட்டது மாதத்தை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து போகிறவர்களில் கனபேர் சுவிஸ், பாரிஸ், லண்டன் என்று உறவினர் வீட்டுக்கு ஓகஸ்ட் விடுமுறையில் போகிறார்கள். அந்த மாதம் பெரிய பாலே அரங்குகளுக்கும் விடுமுறை. வியன்னா அரச ஒப்பரா ஜூலையும் ஓகஸ்டும் பூட்டு. பாரிஸ் ஒப்பராவும் லண்டன் கொவென்ற் கார்டனில் உள்ள றோயல் பாலேயும் ஜூலைக்குள் பருவத்தை முடித்துவிட்டு செப்டெம்பரிலோ அதற்குப் பிறகோதான் திரும்பும். மொஸ்கோவில் போல்ஷோய் கோடையில் ஓய்வெடுக்கும். நாட்டார் ஆட்டத்துக்கோ கோடைதான் பருவம். சுவிஸில் ஃபிரிபூர்க் நகரத்து சர்வதேச நாட்டார் கலை விழா ஓகஸ்டில். இங்கிலாந்தின் சிட்மவுத் விழாவும், 1955இல் தொடங்கியது, ஓகஸ்டில்தான். டிசெம்பர் விடுமுறையில் போகிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ்: அநேகமாக எந்தப் பெரிய நகரத்திலும் ‘நட்கிராக்கர்’ என்ற பாலே ஓடும். இடைவேளையோடு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், கதையும் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் பல அரங்குகள் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. டிக்கட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘கோடையிலும் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் தினமும் ஸ்வான் லேக் என்ற அன்னங்களின் பாலேயைப் போடுகிறார்களே’ என்று ஒருவர் கேட்கலாம். போடுகிறார்கள். நிரந்தரக் குழு வெளியே போயிருக்கும் மாதங்களில், சுற்றுலாப் பயணிகளை நம்பிச் சேர்த்த குழுக்கள் அழகான பழைய மண்டபங்களை வாடகைக்கு எடுத்து ஆடும். சிலது நல்லாயிருக்கும், சிலதில் அன்னங்கள் பன்னிரண்டுகூடத் தேறாது. டிக்கட்டில் மண்டபத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. பார்க்கவேண்டியது மூன்று: ஆடும் குழுவின் பெயர், வாத்தியக் குழுவின் பெயர், இசை நடத்துநரின் பெயர். பின்னிரண்டும் இல்லையென்றால் அநேகமாகப் பதிவுசெய்த இசைக்குத்தான் ஆடுகிறார்கள். மத்தளமும் சல்லரியும் இல்லாமல் ஒலிநாடாவுக்கு ஆடும் கூத்தை நினைத்துப் பாருங்கள். ரஷ்யா போகிறவர்களுக்கு இன்னொன்று: 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த விசா, மாஸ்டர்கார்ட் அட்டைகள் அங்கே வேலை செய்வதில்லை. அங்கே போய் அட்டையால் எடுக்கலாம் என்று இருந்தால் டிக்கட் கிடையாது.

இனி, இருக்கை. எங்கள் ஆட்கள் காசைக் கொட்டி முன்வரிசை எடுக்கிறார்கள். பாலேக்கு அது நல்ல இடமல்ல. மேடை விளிம்பு பாதங்களை மறைக்கும், நடனமணிகளின் சப்பாத்து பலகையில் ‘டொக் டொக்’ என்று தட்டும் சத்தம் கேட்கும், அணிவகுப்பு கண்ணுக்கு எட்டாது. ‘லா பயடேர்’ என்ற பாலேயில் வெள்ளுடைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்மேடையில் இறங்கி வரும் காட்சி உண்டு. குழுவுக்கேற்ப 24 பேர் அல்லது 32 பேர். எல்லோரும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு மேடையை நிரப்புவதுதான் அதன் அழகு. கீழே இருந்தால் முதல் வரிசைத் தலைகள்தான் தெரியும். முதலாம் மாடியின் நடுப்பகுதி, முன்வரிசை: அதுதான் இடம். (அந்தக் கதை இந்தியக் கோயில் நடனப் பெண்ணைப் பற்றியது என்பார்கள். 1877இல் ரஷ்யாவில் கற்பனை செய்த இந்தியா அது. சதிரையோ பரதத்தையோ அதில் தேட வேண்டாம்.) குதிரைலாட வடிவப் பழைய அரங்குகளில் பக்கவாட்டுப் பெட்டிகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. மேடையில் மூன்றிலொரு பங்கு தெரியாமல் போகலாம். பெட்டியின் பின்கதிரைக்காரர் எழுந்து நிற்கவேண்டி வரும். கையில் காசு குறைவென்றால் வியன்னாவில் நின்று பார்க்கும் இடம் எடுங்கள். கம்பியில் ஒரு சால்வையைக் கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது என்பது அங்கத்தைய வழக்கம். ரஷ்யாவில் போட்டுவந்த மேல்கோட்டை உடுப்பறையில் கொடுத்தே ஆகவேண்டும். அங்கேயே சிறு தொலைநோக்கி வாடகைக்கு எடுத்தால், முடிந்தபின் கோட்டு வாங்கும் வரிசையில் உங்களை முன்னுக்கு விடுவார்கள். மூன்றாவது தடவை மணி அடித்த பிறகு வந்தால் இடைவேளைவரை வெளியேதான்.

கூத்துப் பார்த்துப் பழகியவர் பாலேயில் தடுமாறும் இடம் ஒன்றுதான்: யாரும் வாய் திறப்பதில்லை. கூத்தில் வரவு, அதாவது பாத்திரம் களரிக்கு வரும் பாட்டு, பாடும்போதே வந்திருப்பது அர்ச்சுனனா துரியோதனனா என்று தெரிந்துவிடும். ‘ஸ்வான் லேக்’ பாலேயில் வெள்ளை அன்னத்தையும் கறுப்பு அன்னத்தையும் ஒரே பெண் ஆடுவார். அது தெரியாவிட்டால் இளவரசன் ஏன் ஏமாந்தான் என்பதே விளங்காது. போகுமுன் பத்து நிமிடம் கதையை வாசியுங்கள், அதுவும் அந்தக் குழுவின் கதையை. ‘ஸ்வான் லேக்’ 1877இல் மொஸ்கோவில் அரங்கேறியது. இன்று ஆடப்படுபவற்றில் பெரும்பாலானவை 1895இல் பெத்திப்பாவும் இவானொவும் அமைத்ததிலிருந்து வந்தவை. ஆனால் முடிவு குழுவுக்குக் குழு மாறும். சிலர் காதலர்களை ஏரியில் மூழ்கடிப்பார்கள், சிலர் சேர்த்து வைப்பார்கள். சைகைகள் ஐந்தாறு தெரிந்தால் போதும். முகத்தைச் சுற்றிக் கையை வட்டமிட்டால் ‘அழகி’. மோதிர விரலைத் தொட்டால் ‘கலியாணம்’. தலைக்கு மேல் கைகளை ஒன்றையொன்று சுற்றினால் ‘ஆடுவோம்’. இரண்டு விரலை மேலே உயர்த்தினால் ‘சத்தியம்’. முஷ்டி பிடித்த கைகளைக் குறுக்காகக் கீழே இறக்கினால் ‘சாவு’. விருந்து மண்டபக் காட்சியில் கறுப்பு அன்னம் ஒற்றைக்காலில் 32 சுற்று சுற்றும். எண்ணுவதை விட்டுவிட்டு நிற்கும் காலைப் பாருங்கள். அது தொடங்கிய இடத்திலேயே நிற்கிறதா, மேடை நீளத்துக்கு நகர்கிறதா? தாளம் முறுகும்போது எட்டுப் போடும் ஆட்டக்காரர் குலைகிறாரா என்று பார்க்கும் கண்ணுக்கு இது கஷ்டமல்ல.

நாட்டார் ஆட்டத்துக்கு வருவோம். கட்டுரை அதை ஒரே பொருளாகப் பேசுகிறது, உண்மையில் மூன்று. முதலாவது, அரச குழுக்களின் மேடை ஆட்டம். 1937இல் மொய்செயெவ் தொடங்கிய மொஸ்கோக் குழு இதற்குத் தலைமகன். மொய்செயெவ் போல்ஷோயில் பாலே ஆடியவர். அவருடைய குழுவும் பாலேப் பயிற்சி பெற்றதுதான். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில், கூத்துப் பழக்கும் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையுடன், விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்கு ஏற்றினார் அல்லவா, வேலை அதே வகைதான். நல்ல வேலை, ஆனால் வட்டம் அரைவட்டமாகும், முதுகு காட்டக்கூடாது என்றாகும், ஆளுக்காள் வேறுபட்ட அடிகள் ஒன்றாகும். ஹங்கேரியின் சார்தாஷ் ஆட்டத்தில் கிராமத்துச் சோடி ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு அடி போடும். மேடையில் பன்னிரண்டு சோடியும் ஒரே நேரத்தில் ஒரே அடி, ஒரே சிரிப்பு. பாலேக்கும் இதற்கும் இடையில் தெரிவு என்றால், உண்மையில் இரண்டு பாலேக்களுக்கு இடையில்தான் தெரிவு.

இரண்டாவது, இரவு உணவோடு ஹோட்டலில் காட்டுவது. கண்டியில் வெள்ளைக்காரருக்கு ஒரு மணி நேரத்தில் எல்லா ஆட்டத்தையும் காட்டி முடிப்பது போன்றது. சாப்பாடு நல்லதென்றால் போகலாம்.

மூன்றாவதுக்குத்தான் பயணப் பையில் இடம் வைக்கவேண்டும்: நீங்களும் ஆடும் இடம். புடாபெஸ்டில் 1972இல் தொடங்கிய ‘தான்ஸ்ஹாஸ்’, அதாவது ஆட்ட வீடு, இன்றும் நடக்கிறது. 2011இல் யுனெஸ்கோ அதை நல்ல முன்மாதிரியாகப் பதிந்தது. வயலின், மூன்று நரம்பு வயோலா, பெரிய பாஸ் என்று வாத்தியக்காரர் ஓரமாக இருப்பார்கள். முதலில் அடி பழக்குவார்கள், பிறகு ஆட்டம். லண்டனில் 1930இல் திறந்த செசில் ஷார்ப் ஹவுஸில் இதேபோன்ற ஆட்ட இரவுகள் உண்டு. ஒருவர் ஒலிவாங்கியில் அடியைச் சொல்லிக்கொண்டே போவார், ஆட்டம் பழக்கும் எங்கள் அண்ணாவியார் மாதிரி. வசந்தனோ பொல்லடியோ ஆடிய கால்களுக்கு அரை மணி நேரம் போதும். ஒரே எச்சரிக்கை சப்பாத்து. இறப்பர் அடிச் சப்பாத்து திரும்பும்போது தரையைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், முழங்கால் திரும்பாது. தோல் அடி நல்லது.

ஐரோப்பா தூரம் என்பவர்களுக்கு ஜாவாவின் பிரம்பானான் கோயில் இருக்கிறது. 1961 முதல் அங்கே இராமாயணத்தை ஆட்டமாக, வசனமில்லாமல், கமலான் என்ற ஜாவா வாத்தியக் குழுவின் இசையோடு ஆடுகிறார்கள். ‘ராமாயணா பாலே’ என்று டிக்கட்டில் இருக்கும். பாலேச் சப்பாத்து எதுவும் இல்லை. மே முதல் ஒக்ரோபர் வரை திறந்தவெளியில், பின்னால் கோயில் கோபுரங்கள். மழைக்காலத்தில் உள்ளரங்குக்கு மாற்றுவார்கள், அதில் பாதி சுகம் போய்விடும். அனுமான் நிஜ நெருப்பு வைப்பார். எரிவது ‘அலெங்கா’, அதாவது இலங்கை.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையின் நடுவில், கறுப்பு அங்கியில் நெஞ்சில் தோட்டாக்கூடு தைத்த ஆண்கள் பாயும் படத்துக்கு ‘ரஷ்ய கிராமிய நடனம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது ஜோர்ஜிய ஆட்டம். கால்விரல்களை மடக்கி, உள்ளே கட்டை எதுவும் வைக்காத மெல்லிய தோல் சப்பாத்தில், விரல்மூட்டின் மேல் நிற்கிறார்கள் பாருங்கள், அதிலேயே தெரியும். 1945இல் இலிக்கோ சுகிஷ்விலியும் நினோ ரமிஷ்விலியும் தொடங்கிய குழு இந்த ஆட்டத்தை உலகெங்கும் கொண்டுபோனது. அடுத்த இதழில் படவிளக்கத்தைத் திருத்தினால் நல்லது.

இப்படிக்கு,
கூத்துப் பார்க்கும் வாசகர் ஒருவர்,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.