அமாஸ்யாவில் ஸ்டிராபோவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் துருக்கிப் பயணக் கட்டுரையில் அமாஸ்யாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. இஸ்தான்புல், கப்படோக்கியா பலூன் என்று முடித்துக்கொள்ளாமல் வடக்கே அந்தச் சின்ன ஆற்றங்கரை ஊர்வரை ஒருவர் போய்வந்திருக்கிறார் என்பதே சந்தோஷம். ஆனால் அந்த ஒரு பக்கமும் ஆற்றோர மரவீடுகள், ராத்திரி விளக்குகள், ஆப்பிள் ருசி என்றே தீர்ந்துவிட்டது. அந்த ஊரில் பிறந்த பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. வேறு மொழிப் பத்திரிகை என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். தமிழ்ப் பத்திரிகை விடலாமா?

சங்ககாலக் கடல் வணிகம் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், ரோம எழுத்தாளர் பிளினி என்று ஆரம்பித்து ஸ்டிராபோவையும் சாட்சிக்கு அழைப்பார்கள். அந்த மனிதர் கி.மு. 64 அல்லது 63-இல் பிறந்தது அமாஸ்யாவில்தான். எகிப்தின் ரோம ஆளுநர் ஏலியஸ் காலஸுடன் நைல் நதியில் எத்தியோப்பிய எல்லைவரை போனவர். செங்கடலின் மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் போவதாக அப்போது அறிந்து எழுதிவைத்தார். பாண்டிய மன்னனிடமிருந்து அகஸ்டஸ் சீசருக்குப் பரிசும் தூதும் போன செய்தி அவருடைய 17 பாகப் புவியியல் நூலில் இருக்கிறது. (பாண்டியன் என்று எழுதிவிட்டு, போரஸ் என்ற வேறொரு மன்னன் என்று சொல்வாரும் உண்டு என ஒரு வாலையும் ஒட்டியிருப்பார். அவர் சுபாவம் அப்படி.) எகிப்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறும் வியாபாரிகளில் கங்கைவரை போனவர்கள் சொற்பம், அவர்களும் பாமரர்கள், இடங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்களால் உபயோகமில்லை என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார். சரக்குக் கப்பலில் காலம் தள்ளிய எனக்கு அதில் மட்டும் அவரோடு சண்டை.

நான் அந்த ஊரைப் பார்த்ததும் கப்பல் புண்ணியத்தில்தான். சாம்சுன் துறைமுகத்தில் சரக்கு இறங்கத் தாமதமானதால் விடுப்புக் கிடைத்தது. பேருந்து கருங்கடல் கரையை விட்டு மலையேறி, தெற்கே உள்நாட்டுக்குள் போகிறது. அமாஸ்யாவை நெருங்கினால் இருபுறமும் பாறைகள் கிட்டக் கிட்ட வந்து, நடுவே யெஷில் இர்மக் ஆறு ஓடுமளவுக்கே இடம் விடுகின்றன. சிவாஸ் பக்கத்து மலைகளில் பிறந்து, தோகாத் வழியாக வந்து, அமாஸ்யாவைக் கடந்து, சார்ஷம்பா சமவெளியில் கருங்கடலைச் சேரும் 519 கிலோமீட்டர் ஆறு அது. பழைய கிரேக்கப் பெயர் ஐரிஸ்.

ஸ்டிராபோ தன் ஊரைப் பற்றி எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் அங்கே வழி கண்டுபிடிக்கலாம். ஆழமான பள்ளத்தாக்கு, அதில் ஓடும் ஐரிஸ், எல்லாப் பக்கமும் செங்குத்தான பாறை, இரண்டு சிகரங்கள், மதிலுக்குள்ளே அரண்மனையும் மன்னர்களின் கல்லறைகளும் என்று வரிசையாகச் சொல்லிப் போகிறார். முற்றுகைக் காலத்திலும் தண்ணீருக்குப் பஞ்சம் வராதபடி பாறைக்குள் குடைந்த இரண்டு சுரங்கவழிகளையும் குறிப்பிடுகிறார், ஒன்று ஆற்றை நோக்கியது. கோட்டை மலையில் படிகளோடு இருட்டுக்குள் இறங்கும் பழைய சுரங்கம் இன்றும் இருக்கிறது. ஆற்றங்கரையில் அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். உங்கள் கட்டுரையாளர் அதைத் தாண்டித்தான் வீடுகளைப் படமெடுக்கப் போயிருக்க வேண்டும்.

இனி படக்குறிப்புக்கு வருகிறேன். பாறை முகத்திலுள்ள கல்லறைகளை 'ரோமானியக் கல்லறைகள்' என்று போட்டிருக்கிறீர்கள். அவை ரோமுக்கு முன்பே கருங்கடலோரத்தில் ஆண்ட பொன்டஸ் நாட்டு மன்னர்களுடையவை. பர்னாசஸ் மன்னன் கி.மு. 183-இல் கடலோர சினோப்பைப் பிடித்து, பிறகு தலைநகரம் அங்கே மாறும்வரை அமாஸ்யாதான் அவர்களின் தலைநகரம். பாறையில் பொந்து குடைந்து விட்டதுபோலத் தூரத்திலிருந்து தெரியும். ரயில் பாதையைக் கடந்து படியேறிக் கிட்டே போனால்தான் வேலைப்பாடு புரிகிறது. கல்லறையைச் சுற்றி மூன்று பக்கமும் பாறையை வெட்டி நீக்கி, கருவறையைச் சுற்றும் பிராகாரம்போல ஆள் நடக்கும் சந்து விட்டிருக்கிறார்கள். தாய்ப்பாறையோடு ஒட்டாமல் தனி வீடாக நிற்கிறது கல்லறை. வாசலோ ஆளுக்கு எட்டாத உயரத்தில். உளியடித் தடங்கள் அந்தச் சந்துச் சுவரில் கைக்குத் தட்டுப்படும்.

'ஒட்டோமான் இளவரசர்களின் ஓய்விடம்' என்ற வரியும் சரியில்லை. ஓய்வெடுக்க யாரும் அனுப்பப்படவில்லை. ஆளப் பழகட்டும் என்று அனுப்பினார்கள். கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த இரண்டாம் மெஹ்மெத் சின்ன வயதில் இங்கே ஆளுநர். அவர் மகன் இரண்டாம் பயஸித் அரியணை ஏறப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். ஆற்றங்கரையில் 1486-இல் முடிந்த மசூதி அவர் பெயரில் நிற்கிறது. 1555-இல் சுல்தான் சுலைமான் பாரசீக சஃபாவியரோடு சமாதானம் செய்துகொண்டதும் இவ்வூரில். பாக்தாத் இவருக்கு, தப்ரீஸ் அவர்களுக்கு என்று எல்லை பிரிந்தது. அப்புறம் 1919 ஜூன் 22. சாம்சுனில் இறங்கி ஒரு மாதம் கழிந்திருந்த முஸ்தபா கமால் (பின்னாளில் துருக்கிக் குடியரசை நிறுவியவர்), நாட்டின் விடுதலையை நாட்டு மக்களின் உறுதியே மீட்கும் என்ற சுற்றறிக்கையை அமாஸ்யாவிலிருந்து அனுப்பி, சிவாஸில் மாநாடு கூட்டச் சொன்னார். துருக்கியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஊர்ப்பெயர் பழக்கமானது இதனால்தான்.

இன்னொன்று, இடம் இருந்தால் போடுங்கள். 1308-09-இல் கட்டிய மருத்துவமனை ஒன்று இன்னும் நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அங்கே பணியாற்றிய சபுன்ஜுவோலு ஷெரஃபெத்தின், அறுவை சிகிச்சைகளைப் படம் போட்டு விளக்கித் துருக்கிய மொழியிலேயே நூல் எழுதியவர். அவர் போட்ட படங்களில் பெண் மருத்துவர்களும் உண்டு. இப்போது அது அருங்காட்சியகம்.

அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பையாவது திருத்திவிடுங்கள். கட்டுரையாளர் மறுபடி துருக்கி போவதாக எழுதியிருக்கிறார். ஸ்டிராபோவின் 12ஆம் பாகத்தை வாசித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், சொந்த ஊரைப் பற்றிய பகுதி அதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர்,
தூத்துக்குடி